கப்பலில் வெள்ளம் வந்த கதை

நம் செட்டு ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் பள்ளிக்கூடத்தில் போய்த்தான் நிற்கும். எந்த சாரிடம் யார் அடி வாங்கினார்கள், யாருடைய பரீட்சை அட்டையை யார் உடைத்தார்கள் என்று ஆளுக்கொன்று எடுத்துவிடுவீர்கள். என் முறை வரும்போது மட்டும், "உனக்கென்ன, நீ கப்பலில் படித்தவள்" என்று சொல்லி என் வாயை அடைத்துவிடுவீர்கள். படித்தது என்னவோ ஏழு மாதம்தான். அதற்கே இத்தனை பொறாமை! சரி, இன்றைக்கு அந்த ஏழு மாதத்தையும் சொல்லிவிடுகிறேன். சிரிக்க இடம் நிறைய உண்டு, தாராளமாகச் சிரியுங்கள். கடைசியில் ஒரு சங்கதி இருக்கிறது. அது எனக்கே போன மாதம்தான் முழுதாகப் புரிந்தது.

அப்பா உதியன்குளங்கரை ஜங்ஷனில் லாரி மெக்கானிக். எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொச்சித் துறைமுகத்துக்கு ஒரு மிஷன் கப்பல் வந்தது. நாடு நாடாகப் போய், துறைமுகத்தில் நின்று புத்தகம் விற்று, கரையில் இறங்கி ஊழியம் செய்யும் கப்பல். எங்கள் சபையில் ஒரு பஸ் பிடித்து எல்லோரும் பார்க்கப் போனோம். நாங்கள் மேல்தட்டில் புத்தகக் கண்காட்சியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அப்பா யாரையோ கெஞ்சிக் கூத்தாடி எஞ்சின் ரூமுக்குள் இறங்கிவிட்டார். ஏறி வந்தபோது வெள்ளைச் சட்டை முழுக்க எண்ணெய். முகம் மட்டும் அப்போதுதான் ஞானஸ்நானம் எடுத்துக் கரையேறியவர் மாதிரி இருந்தது.

"ரெண்டு ஆள் உயரம் உண்டு பிள்ளே, ஒரு எஞ்சின்!" என்றார் அம்மாவிடம். "ஆண்டவருக்க வேலைக்கு எனக்க கை ரெண்டையும் கொடுக்கணும். நீ என்ன செல்லுதே?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பொதுவாகவே அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். எங்கள் வீட்டில் பெரியப்பா குடும்பத்தையும் சேர்த்து ஒன்பது பேர். இளைய மருமகள் என்பதால் அடுப்பு அம்மாவுடையது, பேச்சு பெரியம்மாவுடையது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு, மிச்சமிருப்பதை அம்மா அடுக்களைச் சுவரைப் பார்த்துக்கொண்டு தின்பாள்.

அந்தக் கப்பலில் யாருக்கும் சம்பளம் கிடையாது. தங்க இடமும் சாப்பாடும் உண்டு, மற்றதைச் சொந்தச் சபை பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பா எழுதிப்போட்டார். குடும்பத்தோடு வரலாம் என்று பதில் வந்தது. முதல் ஆறு மாதம் சோதனைக் காலம், சரிப்பட்டால் அதன்பிறகு இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து. சபையே துள்ளிக் குதித்தது. எங்கள் பாறசாலைப் பக்கத்திலிருந்து முதல் மிஷனரிக் குடும்பம் என்று உபதேசியார் பிரசங்க மேடையில் நின்று அழுதார்.

எல்லோருக்கும் ஒரே ஒரு கவலை, அம்மா. அம்மா பிறந்தது காஞ்சிரங்குளம் பக்கம். கடல் ஒன்றும் தூரமில்லை. ஆனால் ஒருமுறை குடும்பத்தோடு பூவாறுக்குப் போனபோது நாங்கள் எல்லோரும் அலையில் ஆட, அம்மா மட்டும் மணலில் பத்தடி பின்னால் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது பெரியம்மாவுக்குப் போதாதா?

"இவளா? பூவாற்றில கால் நனைக்கப் பேடிச்சவளாக்கும்," என்றாள் பெரியம்மா. "கப்பல்ல போய் என்ன செய்யப் போறா? ஒரு மாசத்தில திரும்பி வருவினும், பாத்துக்கிடுங்க."

அம்மா புறப்படும் அன்று வீடு வீடாகப் போய் "வாறேன், வாறேன்" என்று சொன்னாள், அவ்வளவுதான். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி கொழும்பில் கப்பலைப் பிடித்தோம். எனக்குப் பத்து வயது.

எங்கள் கேபின் எண் இருநூற்றுப் பதினாலு. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கை, சுவரோடு மடங்கும் ஒரு மேசை, தட்டளவு வட்டக் கண்ணாடி ஜன்னல். எங்கள் வீட்டு விறகுப்புரை அதைவிடப் பெரிது. டீசல், தரை துடைக்கும் மருந்து, வெந்த ரொட்டி மூன்றும் கலந்த ஒரு வாசம் எந்நேரமும் இருக்கும். இன்றைக்கும் பேக்கரி பக்கத்தில் லாரி நின்றால் எனக்கு அந்தக் கேபின்தான். சுவரில் காதை வைத்தால் கீழே எஞ்சின் சத்தம் கேட்கும். "அப்பா பேசுகிறார்" என்று அம்மா சொல்வாள்.

முதல் நாள் சாப்பாட்டு ஹாலில் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. முப்பது நாட்டு ஆட்கள் வரிசையில் நின்று தட்டில் வாங்கி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் நானும் உட்கார்ந்துவிட்டோம். அம்மா மட்டும் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்றுதான். சமையல்கட்டிலிருந்து ஆறடி உயரத்தில் கானா நாட்டுச் சமையல்காரர் ஒருவர் வெளியே வந்தார். அம்மாவைப் பார்த்தார். ஒரு தட்டு நிறையச் சோறும் கறியும் போட்டு, ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுவந்து மேசையில் வைத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு, "மம்மி, சிட்" என்றார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையை ஆட்டினார். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முதல் வாய் வைத்ததும் நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. முந்நூறு பேர் துணியும் அங்கே வரும். எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொரு உருப்படியிலும் கேபின் எண் எழுதிய துணித்துண்டு தைத்திருக்க வேண்டும். மையில் எழுதினால் நாலு சலவையில் அழிந்துபோகும். அம்மா எங்கள் எண்ணைச் சிவப்பு நூலில் பூவேலை மாதிரி தைத்தாள். அதைப் பார்த்து ஜெர்மனிக்கார அக்கா கேட்டாள், பிலிப்பைன்ஸ் அக்கா கேட்டாள், பிறகு தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. பேச்சு இல்லாமலேயே அம்மாவுக்குச் சிநேகிதிகள் சேர்ந்தார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கு வேலை முடியும். அதன்பிறகு அவளுக்குச் சமைக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம், யார் வாயையும் கேட்க வேண்டாம். கப்பலின் பின்தட்டில் கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அப்பா எஞ்சின் ரூமிலிருந்து மூச்சு வாங்க மேலே வருவார். அம்மா அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நேராக என்னைத் தேடி வருவார்.

"அம்மை எந்தெங்கிலும் செல்லிச்சா மக்கா? ஊர் ஓர்மை வந்திட்டோ?" என்று என்னிடம் காதோடு கேட்பார்.

"ஒண்ணும் செல்லல்லே," என்பேன். எனக்கும் அவள் அழாமல் அழுகிறாள் என்றுதான் தோன்றும். வேலை இல்லாமல் சும்மா இருக்கும் அம்மாவை நானும் அதற்கு முன்னால் பார்த்ததில்லையே!

இந்த இடத்தில் எங்கள் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நாங்கள் பேசுவது தமிழ்தான். ஆனால் பாதிச் சொல் மலையாளத்திலிருந்து வரும். கப்பலில் கோட்டயத்து நர்ஸ் அக்கா ஒருவர் இருந்தார். "சேச்சி, இது தமிழோ மலையாளமோ?" என்று அம்மாவைக் கேலி செய்வார். எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். உங்களில் வடக்கே பிறந்தவர்களுக்கு வெள்ளம் என்றால் என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஊரை அடித்துக்கொண்டு போகுமே, அது. இந்த வித்தியாசம்தான் எங்கள் குடியைக் கெடுத்தது.

பினாங்கை விட்டு மணிலாவுக்குப் போகும் வழியில், கடல்நீரை நல்ல நீராக்கும் மெஷின் படுத்துவிட்டது. காலையில் அரைமணி, மாலை ஆறு மணிக்கு அரைமணி, அவ்வளவுதான் தண்ணீர் என்று அறிவித்தார்கள். எங்கள் தாழ்வாரத்துக்குக் கோடியில் ஒரே ஒரு குழாய். மற்ற நாட்டுப் பெண்கள் திகைத்துப்போய் நின்றார்கள். அம்மாவுக்கோ இது பிறந்ததிலிருந்து பழக்கம்! எங்கள் உதியன்குளங்கரை இடவழியில் பைப்பில் தண்ணீர் வருவது எப்போது என்று கடவுளுக்குத்தான் தெரியும். முதலில் பார்க்கிறவள் "வெள்ளம் வந்தாச்சு!" என்று கூவ வேண்டும். கூவாமல் தன் குடத்தை மட்டும் நிறைத்துக்கொண்டு போனவளை ஒரு வருடத்துக்கு ஏசுவார்கள். அந்தச் சட்டத்தை அம்மா கப்பலில் அமல்படுத்தினாள். பக்கெட்டுகளை வரிசையில் வைத்தாள், குழாய்க்குக் காவல் நின்றாள், தண்ணீர் வந்ததும் தாழ்வாரம் முழுக்கக் கேட்கக் கூவினாள். ஊரில் வாய் திறக்காதவளுக்கு அப்படி ஒரு தொண்டை! மூன்றே நாளில் ஜெர்மனிக்கார அக்கா, பிலிப்பைன்ஸ் அக்கா எல்லோரும் "வெள்ளம்! வெள்ளம்!" என்று பக்கெட்டோடு ஓடிவரப் பழகிவிட்டார்கள்.

நாலாம் நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் கீழே அந்த மெஷினைச் சரியாக்கிவிட்டார்கள். பார்க்கலாமே என்று தண்ணீரை முழு வேகத்தில் திறந்துவிட்டிருக்கிறார்கள். இங்கே யாரோ மூடாமல் விட்டிருந்த குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு, தொட்டி நிரம்பி, தாழ்வாரத்தில் ஓடிவந்தது. சலவைக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்த அம்மா பார்த்துவிட்டாள்.

"வெள்ளம் வந்தாச்சு! ஓடி வாருங்க! வெள்ளம் வந்தாச்சு!"

பெண்கள் கதவைத் திறந்துகொண்டு "வெள்ளம்! வெள்ளம்!" என்று அலறியபடி ஓடிவந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் படியில் இறங்கி வந்தார் ஒரு மதுரைக்கார அண்ணன். பினாங்கில்தான் புதிதாக ஏறியவர். பாவம், அவர் கண்டது என்ன? தரையில் தண்ணீர். நடுக்கடலில், ஐந்து நாட்டுப் பெண்கள் சுத்தமான தமிழில் வெள்ளம், வெள்ளம் என்று கதறுகிறார்கள். அவர் சுவரில் இருந்த அபாய மணியின் கண்ணாடியை முழங்கையால் உடைத்துவிட்டார்.

குட்டையாக ஏழு ஊதல், நெடிதாக ஒன்று. அதைக் கேட்டால் எல்லோரும் மிதவைச் சட்டையோடு மேல்தட்டுக்கு ஓடவேண்டும். முந்நூறு பேரும் ஓடினோம். கானா சமையல்காரர் இரண்டு கையிலும் மாவோடு வந்தார். கேப்டன் ஒரு காலில் ஷூவும் மறு காலில் செருப்புமாக நின்றார். எங்கள் பள்ளிக்கூட டீச்சர் தலைகளை எண்ணி எண்ணி அழுதார். அம்மா ஒரு கையால் என்னையும் மறு கையால் நிறைந்த பக்கெட்டையும் பிடித்திருந்தாள். அத்தனை களேபரத்திலும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

கீழே போய்ப் பார்த்தவர்கள் திரும்பி வந்து, ஓட்டை ஒன்றும் இல்லை, ஒரு குழாய் திறந்திருக்கிறது, ஒன்பது பக்கெட் இருக்கிறது என்றார்கள். விசாரணை தொடங்கியது. வெள்ளம் என்றால் என்ன என்று கேப்டன் கேட்டார். நர்ஸ் அக்கா வாட்டர் என்றார். மதுரை அண்ணனுக்கு வந்ததே கோபம்!

"வாட்டரா? எங்க ஊர்ல வெள்ளம்னா வைகைல வர்றதுங்க! மாடு கன்னெல்லாம் அடிச்சிக்கிட்டுப் போகும்ங்க!"

அதை நர்ஸ் அக்கா இங்கிலீஷில் சொன்னதும் கேப்டன்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் மேல்தட்டே சிரித்தது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று நான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கேப்டன் முன்னால் போய், "சாரி சார், சாரி சார், வெரி சாரி சார்" என்று நின்றார். கேப்டன் அவர் தோளில் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். அப்பா நிமிரவே இல்லை. அம்மா தலைப்பை விலக்கி அதைப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஒலிபெருக்கியில் கேப்டனின் குரலே வந்தது: "குட் மார்னிங். வெள்ளம் வந்தாச்சு." கப்பல் முழுக்கக் கைதட்டல். அது அந்த மனிதர் அம்மாவுக்குக் கொடுத்த மரியாதை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏனென்றால் என் வகுப்பில் என் பெயர் அதற்குள் வெள்ளம் ஆகிவிட்டிருந்தது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குவது போல என் பின்னால் வருவார்கள். முகமெல்லாம் புள்ளியுள்ள ஓர் இங்கிலாந்துப் பையன், கப்பல் மூழ்குவது போலவும் மேலே சேலை கட்டிய ஒருத்தி பக்கெட்டோடு நிற்பது போலவும் படம் வரைந்து கரும்பலகையில் ஒட்டிவைத்தான். நான் அதைக் கிழித்து வாயில் போட்டு மென்றேன். கப்பலை வெறுத்தேன். அம்மாவையும் கொஞ்சம் வெறுத்தேன். வீட்டுக்குப் போய்விட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு அப்போது வேண்டியிருந்தது.

மணிலாவில் கப்பல் நின்றபோது எங்கள் சோதனைக் காலம் முடிந்தது. இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவாக வேண்டும். குடும்பங்களைக் கவனிப்பதற்கு ஹாலந்துக்கார ஆன்ட்டி ஒருவர் இருந்தார். நல்ல மனுஷி. புருஷன் பக்கத்தில் இருந்தால் பெண்கள் உள்ளதைச் சொல்லமாட்டார்கள் என்று, இருவரையும் தனித்தனியாகத்தான் பார்ப்பார். நர்ஸ் அக்கா அன்றைக்குக் கரையில் மருத்துவ முகாமுக்குப் போயிருந்தார். இங்கிலீஷ் எனக்குத் தெரியுமே, மகளே மொழிபெயர்க்கட்டும் என்று என்னை உட்காரவைத்தார்.

எங்கள் கேபினில்தான். அம்மாவும் ஆன்ட்டியும் கீழ்ப்படுக்கையில், நான் தரையில். இதே சின்னக் கேபின், இதே சலவை வேலை, இன்னும் இரண்டு வருடம். உன் அம்மாவுக்கு எப்படி இருக்கிறது, வேறு ஏதாவது வேண்டுமா, கேள் என்றார் ஆன்ட்டி. நான் கேட்டேன்.

அம்மா சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். படுக்கை, மேசை, ஜன்னல், கொடியில் காயும் அப்பாவின் நீல உடுப்பு. பிறகு சொன்னாள்:

"எனக்கு இது மதி, மக்கா. செல்லு."

மதி என்றால் எங்கள் பேச்சில் போதும் என்று அர்த்தம். நான் சொன்னேன்: "ஷீ சேஸ், இனஃப்."

ஆன்ட்டியின் முகம் மாறியது. "இனஃப்?" என்று என்னைப் பார்த்து மெதுவாகத் திரும்பக் கேட்டார்.

இங்கேதான் நான் உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது தெரியும். 'இது மதி' என்பதில் இந்த 'இது'வை நான் விழுங்கிவிட்டேன் என்று தெரியும். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் நேராகிவிடும் என்றும் தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் வரும் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். எப்படியும் அம்மா கடலைப் பார்த்து அழுகிறவள்தானே, அவளுக்கும் நல்லதுதானே என்று ஒரு சமாதானமும் கையோடு வந்தது.

"எஸ்," என்றேன். "இனஃப்."

ஆன்ட்டி அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர். அம்மாவும் அவர் கையைப் பிடித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஆன்ட்டி விடுதலை கிடைத்த சிரிப்பு என்று எடுத்துக்கொண்டிருப்பார். அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "உங்கள் மனைவிக்கு இதற்கு மேல் முடியாது. தயவுசெய்து அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டு வேதனைப்படுத்தாதீர்கள்" என்று சொன்னாராம். அப்பா கேட்கவே இல்லை. அன்று மாலை கேபினுக்கு வந்து, அந்த நீல உடுப்பைக் கொடியிலிருந்து எடுத்து மெதுவாக மடித்தார்.

"நாம ஊருக்குப் போவாம் பிள்ளே," என்றார். "எனக்கு நடு வலிக்குது. எஞ்சின் வேலைக்கு இனி ஒக்காது." நடுமுதுகைத் தொட்டுக் காட்டினார்.

அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி," என்றாள். பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

இறங்கும் அன்று கானா சமையல்காரர் ஒரு முழு ரொட்டியைச் சுடச்சுடத் துணியில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தார். நாங்கள் படியிறங்கி வேனில் ஏறியதும், மேலே கம்பியோரம் நின்ற பெண்கள் எல்லோரும் கையை ஆட்டி "வெள்ளம்! வெள்ளம்!" என்று கத்தினார்கள். எங்கள் மொழியில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதானே. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அவர் தலை குனிந்ததைப் பார்த்தாள். ஆனாலும் வேன் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ஊர் என்ன சொன்னது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். "நான் அப்பவே செல்லல்லியா? கடல் கண்டு பேடிச்சு ஓடி வந்திட்டா," என்று பெரியம்மா சபை வாசலில் நின்று எல்லோருக்கும் அறிவித்தாள். "அவளால அல்ல, எனக்க நடு வலியாக்கும்," என்று அப்பா ஒவ்வொருவரிடமும் சொன்னார். சொன்னதற்குச் சாட்சியாக முதுகில் தைலம் மணக்க மணக்க ஒரு வருடம் நடந்தார். பிறகு அதே ஒர்க்‌ஷாப். அம்மா அதே அடுப்புக்கு, ஒன்பது பேர் சோற்றுக்குத் திரும்பினாள். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, கப்பல் கதை சொல்லி வகுப்புக்கே ராணியானேன்.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். போன மாதம் அவளுடைய பைபிளின் உறை கிழிந்துவிட்டது, புதிது தைக்கலாம் என்று பழையதைக் கழற்றினேன். உறைக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு துணித்துண்டு. சிவப்பு நூலில் இருநூற்றுப் பதினாலு. சாயம் ஒரு துளி போகவில்லை.

"இதை இன்னும் வச்சிருக்கியளா?" என்றேன்.

"பின்ன? எனக்க வீடாக்கும் அது," என்றாள் அம்மா, சர்வ சாதாரணமாக. "நான் சூடாச் சோறு தின்னது அங்கயாக்கும். வேற எங்க தின்னேன்?"

எனக்குச் சுருக்கென்றது. "அம்மைக்குக் கடல் பேடியில்லியா?"

"கடலா? எனக்கா? ஆரு செல்லிச்சு?"

"பூவாற்றில கால்கூட நனைக்காம நின்னியளே!"

"ஏட்டி, அது உனக்க பெரியம்மைக்க சேலையாக்கும்! உடுக்கத் தந்தவ, உப்புவெள்ளம் பட்டா கொன்னுபோடுவேன்னு செல்லித்தான் தந்தா."

"பின்ன ஏன் ஒண்ணும் செல்லாம இறங்கி வந்திய?"

அம்மா அந்தத் துண்டை வாங்கி மடியில் வைத்து விரலால் நீவினாள். "உனக்க அப்பாவுக்கு என்னால நாணக்கேடு. அத்தனை பேருக்கு முன்ன சாரி, சாரின்னு நின்னாரே. எனக்கானா அண்ணைக்குச் சிரிப்புத் தாங்கல்லே. அவருக்க முகத்தப் பாத்தப்பம் நின்னுபோச்சு. அதுக்குப் பெறவு எப்படி நான் இங்கயே இருக்கலாம்னு கேப்பேன்? நாணக்கேட்ட மறைக்க, நடு வலின்னு ஊருக்கெல்லாம் செல்லிட்டு நடந்தாரு, பாவம்."

முப்பது வருடத்துக்கு மேலாக அதைச் சுமந்திருக்கிறாள். நான் தரையில் உட்கார்ந்தேன். அன்றைக்குக் கேபினில் உட்கார்ந்த மாதிரியே அவள் காலடியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைக் கிழித்து மென்றதிலிருந்து ஆன்ட்டியிடம் மொழிபெயர்த்ததுவரை சொன்னேன். முடித்ததும் அம்மா கேட்டாள்:

"நீ என்னன்னு செல்லிச்சே அவளுட்ட?"

"இனஃப்ன்னு."

"அதுக்க அர்த்தம் என்ன?"

"மதி."

"நானும் அதத்தானே செல்லிச்சேன்?"

"இல்லம்மா. 'இது மதி' வேற. வெறும் 'மதி' வேற. உங்களுக்கு அங்க இருக்க முடியாதுன்னு அவிய நினைச்சிட்டாங்க. அப்பாட்டயும் அப்படித்தான் செல்லிச்சாங்க. எனக்கு அது அப்பவே தெரியும்."

அவள் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். இந்த வயதில், நரைத்த தலையோடு. அவளுக்கு என் நினைப்பே இல்லை.

"அப்பம்… எனக்கு வேண்டியா அந்த மனுஷன் இறங்கினது?"

"ஆமா."

"என்னாலயுள்ள நாணக்கேட்டுக்கு இல்லே?"

"இல்லம்மா."

"நடு வலி?"

"வலியே கிடையாது."

"அட பாவி மனுஷா! ஒரு வருஷம் நானில்லா தைலம் தேச்சேன்!"

சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை, குனிந்து தலைப்பை விலக்கிப் பார்த்தேன். சிரிப்புதான். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டும் இருந்தது. புரையேறி, "கொஞ்சம் வெள்ளம் எடு மக்கா" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். குடித்தாள். என் தலையில் ஒருமுறை கை வைத்தாள். மன்னிப்பா, எழுந்துகொள்ளப் பிடிமானமா தெரியாது. எழுந்தாள்.

சுவரில் அப்பா படம். எங்களிடம் இருந்ததிலேயே நல்ல படம் அதுதான். கப்பலில், அந்த நீல உடுப்பில் எடுத்தது. அம்மா அதன் முன்னால் போய் நின்றாள். துணித்துண்டைப் படத்தின் சட்டத்தில் செருகினாள்.

"கேட்டியளா," என்றாள். "எனக்கு மதியாகல்லே. அங்க இருந்தது எனக்கு மதியாகவே இல்லே. ஒரு வார்த்த எனக்கிட்ட கேட்டிருக்கப்படாதா?"